பூட்டு சார்

பூட்டு சார் வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் கொஞ்சம் நேரம் வைத்துக்கொண்டு போக வேண்டும். மணியை அடித்ததும் கதவு திறக்காது. தலைக்கு மேலே உள்ள காமிராவின் கண் சிவக்கும். சுவரில் பதித்த ஒரு பெட்டிக்குள்ளிருந்து "யாரு?" என்று குரல் வரும். காலையில்தான் பால் பூத்தில் பக்கத்தில் நின்று பேசியிருப்போம். ஆனாலும் பெயரைச் சொல்ல வேண்டும், எதிர்வீடு என்றும் சொல்ல வேண்டும். அதன் பிறகு தேக்குக் கதவின் மேல்தாழ், நடுப்பூட்டு, கீழ்த்தாழ், சங்கிலி, கிரில் கேட்டு, கடைசியாக வெளிக்கேட்டு என்று வரிசையாகச் சத்தம் கேட்கும். நம்மை உள்ளே உட்கார வைத்துவிட்டு, அவர் திரும்பிப் போய் அத்தனையையும் முதலிலிருந்து பூட்டிக்கொண்டு வருவார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் இந்த வீட்டைக் கடைசியாக வைத்துக்கொள்வது மடிப்பாக்கத்தில் எங்கள் தெரு வழக்கம்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு. கூரியர்க்காரப் பையன்கூட "பூட்டு சார் வீடுங்களா?" என்று கேட்க ஆரம்பித்த பிறகு அதற்கு உபயோகம் இல்லாமல் போய்விட்டது.

வங்கியில் ஹெட் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று இவரிடம், இன்னொன்று அதிகாரியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். இதற்கு ஜாயின்ட் கஸ்டடி என்று பெயர். உத்தியோகம் முழுக்க இப்படிப் பாதிச் சாவியோடு வாழ்ந்தவருக்கு, வீட்டில் முழுச் சாவியை ஒருவரே வைத்துக்கொள்வது ஒழுங்கீனமாகப் பட்டிருக்கிறது. ஓய்வு பெற்ற கையோடு வீட்டிலும் அதே முறையைக் கொண்டுவந்தார். கேட்டுச் சாவிகள் இவரிடம், கதவுச் சாவி இவர் மனைவியிடம், அதாவது நாங்கள் 'அம்மா' என்று கூப்பிடுகிறவரிடம்.

மாற்றுச் சாவி என்று ஒன்று இருக்குமே என்பீர்கள். ஊரிலுள்ள மற்ற வீடுகளில் அது மீட்டர் பாக்ஸிலோ, துளசிச் செடித் தொட்டிக்கு அடியிலோ, பழைய ஷூவுக்குள்ளோ இருக்கும். திருடர்களுக்கும் அது தெரியும் என்பது சாரின் வாதம். நியாயமான வாதம்தான். அதனால் இவர் மாற்றுச் சாவியை வங்கி லாக்கரில் வைத்திருக்கிறார். லாக்கர் சாவி வீட்டுக்குள் பீரோவில் இருக்கிறது.

அம்மா ஐயப்பன் கோயிலுக்குப் போன ஒரு மாலையில் சார் நடைப்பயிற்சி முடித்துத் திரும்பினார். வெளிக்கேட்டைத் திறந்தார், கிரில்லைத் திறந்தார், கதவுக்கு முன்னால் நின்றார். அம்மாவின் போன் உள்ளே மேஜை மேல் அடித்துக்கொண்டிருந்தது. கோயிலில் அன்று படிபூஜை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பியும் இவருமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். "சிஸ்டம் சரியா வேலை செய்யுது பாத்தீங்களா?" என்று சார் அவனிடம் சொன்னதைத் தெருவே கேட்டது.

வெளிக்கேட்டில் தொங்குவது திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பேப்பரில் படித்ததும் பஸ் ஏறிவிட்டார். அதே செய்தியில் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கும் குறியீடு கிடைத்திருந்தது. திண்டுக்கல்லிலிருந்து காரைக்குடி ஒன்றும் தொலைவில்லை என்று அம்மா எடுத்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சார் திண்டுக்கல்லோடு திரும்பிவிட்டார்.

அந்தப் பூட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு களை வரும், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உள்ளே அடுக்கடுக்காக லீவர்கள். ஒவ்வொரு லீவருக்கும் சாவியில் ஒரு வெட்டு. வெட்டு அரை நூல் பிசகினாலும் தாழ் அசையாது. எல்லாம் ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து அரத்தால் ராவி எடுத்தது. அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்து வருகிற மலிவுப் பூட்டோடு மல்லுக்கட்ட முடியாமல் திண்டுக்கல்லில் பட்டறைகள் குறைந்துவிட்டன என்று உண்மையான வருத்தத்தோடு சொல்வார். திறந்தால் மணியடிக்கும் பூட்டும் அந்த ஊர்க்காரர்கள் செய்திருக்கிறார்கள். தப்பான சாவியைப் போட்டால் கையைப் பதம் பார்க்கும் 'கொலைகாரப் பூட்டு' ஒன்றைப் பற்றியும் அங்கே பேச்சு உண்டு. அது கிடைக்குமா என்று கடை கடையாக விசாரித்திருக்கிறார். கிடைக்காமல் போனது எங்கள் பால்காரர் செய்த புண்ணியம்.

இனி வண்டி. 1998 மாடல் மாருதி 800. 2014-ல் கம்பெனியே அந்த வண்டியைச் செய்வதை நிறுத்திவிட்டது. சார் அதைப் பூட்டுவதை நிறுத்தவில்லை. ஸ்டியரிங்குக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் தடி. கியருக்கு ஒரு பூட்டு. முன் சக்கரத்துக்கு, நோ பார்க்கிங்கில் நிற்கும் வண்டிக்குப் போலீஸ் மாட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு கவ்வி. அதன் மேல் உறை, உறையின் மேல் சங்கிலி. இது போக டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு ரகசிய சுவிட்ச். அதைத் தட்டாவிட்டால் சாவியைத் திருகினாலும் என்ஜினுக்கு மின்சாரம் போகாது. காய்கறி வாங்கப் போக வண்டியை விடுவித்து முடிப்பதற்குள் அம்மா மார்க்கெட்டுக்கு நடந்தே போய்த் திரும்பிவிடுவார்கள். தெருவில் வண்டி ஓடிப் பார்த்தவர்கள் குறைவு. இதைவிடப் பெரிய பாதுகாப்பு ஒரு வண்டிக்கு என்ன வேண்டும்?

அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புச் சாதனம் பொருத்தினால் இன்ஷூரன்ஸில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் இரண்டரை சதவீதம் தள்ளுபடி உண்டு. உச்சவரம்பு 500 ரூபாய். இது சாருக்குத் தெரியாமல் இருக்குமா? சான்றிதழும் கையுமாகக் கிளை அலுவலகத்துக்கு அலைந்து வாங்கிவிட்டார். அவருடைய வண்டிக்கு இருக்கிற மதிப்பில் அந்தப் பிரீமியமே 600 ரூபாய். தள்ளுபடி 15 ரூபாய். ஆட்டோவுக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

போன வருஷம் அவருக்கு ஒரு புதுக் கவலை வந்தது. சாவியைக் கையில் எடுக்காமலே திறக்கிற கார்களை இப்போது எப்படிக் கடத்துகிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டார். ஒருவன் வீட்டு வாசலில் ஒரு கருவியோடு நிற்பான், இன்னொருவன் கார் பக்கத்தில் நிற்பான். வீட்டுக்குள் கிடக்கும் சாவியின் சிக்னலை முதல் கருவி பிடித்து இரண்டாவதுக்குக் கடத்தும். எஜமானர் வந்துவிட்டார் என்று நம்பி வண்டி கதவைத் திறந்துவிடும். உலோகப் பெட்டிக்குள் சாவியை மூடி வைத்தால் சிக்னல் பெரும்பாலும் வெளியே வராது. இதெல்லாம் உண்மைதான். மறுநாளிலிருந்து மாருதியின் சாவி அலுமினியத் தாளில் சுற்றி, அம்மாவின் அப்பளச் சம்படத்துக்குள் போய்விட்டது.

"சார், உங்க சாவி வெறும் இரும்பு. அதுல சிக்னலும் கிடையாது, பாட்டரியும் கிடையாது" என்றேன்.

"அது நமக்குத் தெரியும். திருடனுக்குத் தெரியுமா?" என்றார்.

வீட்டுக்கும் களவுக் காப்பீடு எடுத்திருக்கிறார். அந்தப் பாலிசியின் பொடி எழுத்து முழுவதையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்த ஒரே வாடிக்கையாளர் இவராகத்தான் இருக்க வேண்டும். உடைத்தோ பலத்தைப் பயன்படுத்தியோ உள்ளே வந்து திருடினால்தான் இந்த வகைப் பாலிசியில் பணம். திறந்த கதவு வழியாக ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு போனால் அது களவுக் கணக்கில் வராது. உச்ச நீதிமன்றமே 2004-ல் ஒரு கிடங்குத் திருட்டு வழக்கில், பாலிசியில் எழுதியிருக்கிறபடி பலப்பிரயோகம் இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. இதைப் படித்த நாளிலிருந்து சாருக்குக் கள்ளச்சாவி போட்டுப் பதவிசாகத் திறக்கும் திருடன் மேல்தான் ஆத்திரம். அம்மா கணக்கை வேறு விதமாகப் போடுகிறார்கள். "உடைக்கவே முடியாத பூட்டா பாத்து வாங்க வேண்டியது. உடைச்சாதான் காசுன்னு பாலிசி எடுக்க வேண்டியது. இவருக்குத் திருடன் மேல நம்பிக்கையா, பூட்டு மேல நம்பிக்கையான்னு எனக்கு இன்னும் புரியல."

ஒரு நாள் காலையில் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. அவர் வீட்டு மதிலில் சாக்பீஸால் பெருக்கல் குறி. 'கும்பல் ஊருக்குள் வந்துவிட்டது. குறி போட்டுப் போகிறார்கள். உஷார்' என்று கீழே எழுதியிருந்தார். அழித்தார். மறுநாள் மறுபடி குறி. மூன்றாம் நாள் மாடிப்படியில் டார்ச்சோடு பதுங்கியிருந்து ஆளைப் பிடித்துவிட்டார். போலியோ சொட்டு மருந்துக்காக வீடு வீடாக வந்த சுகாதாரப் பணியாளர் அம்மா. எல்லாக் குழந்தைக்கும் மருந்து கொடுத்தாகிவிட்ட வீட்டுக்கு ஒரு குறி. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பெருக்கல் குறி, மறுபடி வரவேண்டும் என்று அர்த்தம். "இத்தனை பூட்டு தொங்குச்சு, உள்ள யாருமில்லன்னு நெனச்சேன் சார்" என்று அந்த அம்மா சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் இதற்கு மறுப்பு எதுவும் வரவில்லை.

இவ்வளவு செய்பவர் ஒன்றை மட்டும் பூட்டுவதில்லை. காரில் ரகசிய சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இஸ்திரி வண்டிக்காரருக்கும், முருங்கைக்காய் கொண்டுவரும் அம்மாவுக்கும், ஏ.டி.எம். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் தெரியும். "யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லித்தான் காட்டியிருக்கிறார். கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது, முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்தார். ஸ்டேஷனில் போய் வீடு பூட்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்தார். ரோந்து வருகிறவர் கையெழுத்துப் போட பட்டா புத்தகம் வைக்கச் சொல்லியும் கேட்டார். நல்ல காரியம், எல்லோரும் செய்ய வேண்டியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பால், பேப்பர், பூ, தண்ணீர் கேன், கேபிள் டிவி அத்தனை பேரிடமும் புறப்படும் நேரம், திரும்பும் நேரம், ரயில் பெயர் உள்பட அறிவித்துவிட்டு, தாம்பரத்தில் ரயில் ஏறியதும் ஜன்னலோரப் படம் ஒன்றை ஸ்டேட்டஸில் போட்டார். வீட்டில் ஆள் இருப்பது போலத் தோன்ற ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் திரும்பும்வரை இரவும் பகலும் பண்பலை கேட்டவர்கள் நாங்கள்.

சிலப்பதிகாரத்தில் கோவலனைப் பிடிக்க வந்த காவலர்கள், இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குவார்கள். உடனே பொற்கொல்லன் ஒரு பாடமே நடத்துவான். மந்திரம், மருந்து, சகுனம், இடம், காலம் என்று திருடர்களுக்கு எட்டு வகைத் துணை உண்டு என்று விளக்குவான். தமிழில் திருட்டைப் பற்றி இதைவிடக் கோர்வையான சொற்பொழிவு எனக்குத் தெரிந்து இல்லை. சிலம்பைத் திருடியவனே அவன்தான். பூட்டு சார் இஸ்திரி வண்டிப் பக்கத்தில் நின்று திருடர்களின் தந்திரங்களை வகை பிரித்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் காதை நினைவுக்கு வரும். அவரிடம் இதைச் சொன்னதில்லை.

2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அந்த வரிசையில் உறை போட்டுச் சங்கிலி கட்டியிருந்த ஒரே வண்டி இவருடையதுதான். தண்ணீரிலிருந்து காப்பாற்ற மேலே கொண்டுபோனாயிற்று, அங்கே திருடனிடமிருந்து யார் காப்பாற்றுவது? உறையின் ஒரு ஓரத்தைத் தூக்கி உள்ளே நுழைந்து, பிளாஸ்கில் காப்பியோடு ராத்திரி முழுக்க வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். வீட்டில் அம்மா தனியாக. அன்றைக்குத்தான் எல்லாச் சாவியும் தன் கைக்கு வந்தது என்றும், நிம்மதியாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தேன் என்றும் அம்மா பிற்பாடு என் மனைவியிடம் சொன்னார்களாம்.

போன மாதம் அவருக்குப் பக்கத்து வீட்டில் திருட்டுப் போயிற்று. குடும்பம் ஊருக்குப் போயிருந்தது. சாவி மீட்டர் பாக்ஸில் இருந்தது. வந்தவன் அதை எடுத்துத் திறந்து, வெள்ளிக் குத்துவிளக்கையும் கொஞ்சம் ரொக்கத்தையும் எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிச் சாவியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். "ஒடைக்கல பாருங்க. பாலிசி இருந்திருந்தாலும் பைசா வராது" என்று சார் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருந்தார். ஆனால் குரலில் வழக்கமான தெம்பு இல்லை. தனியாக என்னை ஓரம் கட்டினார். "நம்ம வீட்டைத் தாண்டித்தானே சார் போயிருக்கான்?" என்றார், பத்திரிகை வைக்காமல் விடப்பட்ட பங்காளியின் குரலில். ஒருவன் இத்தனை வருஷம் இத்தனை செலவழித்து ஏற்பாடு செய்து வைத்திருக்க, வந்தவன் அதைச் சோதித்துக்கூடப் பார்க்காமல் போவது அவமரியாதை இல்லையா?

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். தெருவில் யார் வீட்டில் காமிரா என்று கேட்டார். சாருக்கு உயிர் வந்தது. எல்லாப் பூட்டையும் திறந்து, எங்களையும் சேர்த்து உள்ளே அழைத்துப் போய், எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வந்து, டிவியில் முதல் நாள் இரவை ஓடவிட்டார். நான்கு காமிராக்கள். நான்கும் அவருடைய வண்டியையே வெவ்வேறு கோணத்தில் பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டின் மதில் ஒரு விரற்கடை அளவுகூடத் தெரியவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகப் பார்த்தார். நடுராத்திரி தாண்டியதும் திரையில் ஓர் ஆள் வந்தான். தலையில் மங்கி குல்லா, கையில் டார்ச். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். உறையைத் தூக்கிப் பார்த்தான். தெருவை இரண்டு பக்கமும் நோட்டம் விட்டான், போனான். ஒரு மணிக்கு மறுபடி வந்தான். இரண்டரைக்கு மறுபடி.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர், நாற்காலி நுனிக்கு வந்து. "யாரு சார் இவன்? ரொம்பப் பழக்கப்பட்ட ஆளு மாதிரி இருக்கு. தெருவுல யாராவது பாத்திருக்கீங்களா?"

யாரும் பேசவில்லை. அம்மா சமையலறைக்குள் போய்விட்டார்கள்.

"அது நான்தாங்க" என்றார் பூட்டு சார். பிறகு ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினார். "அந்த இருட்டுலயும் மூக்கு, முழி எவ்ளோ தெளிவா விழுந்திருக்கு பாருங்க சார். நைட் விஷன். கூட ரெண்டாயிரம் கேட்டான், கொடுத்தேன்."