பிடரியில ஒயரு

வாடா பேராண்டி, திண்ணையில குந்து. 1999-ல வந்த 'மேட்ரிக்ஸ்' படத்துல பிடரியில ஒயரைச் சொருகினதும் ஒருத்தன் குங்ஃபூ கத்துக்கினானாமே? உனக்கும் அப்படி ஒரு ஒயரு கிடைச்சா வாணியம்பாடி காலேஜுக்கு பஸ் புடிக்க வேணாம், அரியர் கிடையாது, உங்கப்பனுக்குக் காசு மிச்சம். நல்லதுதான். ஆனா அந்தக் குங்ஃபூவை முதமுதல்ல கண்டுபுடிச்சவன் எந்த ஒயரைச் சொருகிக்கினான்?

இதை வெச்சு ஐசக் அசிமோவ் 1957-லயே 'ப்ரொஃபெஷன்'னு கதை எழுதிட்டாரு. 8 வயசுல எழுத்துப் படிக்க வரும், 18 வயசுல தொழில் வரும்; எல்லாம் நாடாவுலருந்து நேரா மண்டைக்கு. ஒரு பையனுக்கு மட்டும் ஏறாதுன்னு மந்தபுத்திக்காரங்க விடுதியில தள்ளிடறாங்க. கடைசியில பார்த்தா, புதுசா யோசிக்கறவங்களை வெச்சிருக்கற எடமே அதுதான்! அந்த நாடாவுல ஏத்தற சரக்கெல்லாம் அப்படிப்பட்ட தலையிலருந்துதான் வரணும். உன்னை மக்குன்னு வாத்தியார் சொன்னப்ப நான் ஏன் சிரிச்சேன்னு இப்பப் புரியுதா? ரொம்பக் குதிக்காதே, எல்லா மக்கும் அந்த ரகம் இல்ல.

ஆக்கின சாமையை விதைச்சா முளைக்குமாடா?

நம்ம காவலூரு வானாய்வுக்கூடத்தையே எடுத்துக்கோ. 1977 மார்ச்சு மாசம், யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போவுதுன்னு அங்க 1 மீட்டர் தொலைநோக்கியை வெச்சுக் காத்துக்கினு இருந்தாங்க. எதிர்பார்க்காத நேரத்துல அந்த நட்சத்திரத்தோட வெளிச்சம் சட்டுனு மங்கி, திரும்ப வந்துச்சு. வளையம்னா சனிக்கு மட்டுந்தான்னு அதுவரைக்கும் பாடம். அந்தப் பாடத்தையே கெட்டியா நம்பியிருந்தா 'மேகம் வந்துட்டுது'ன்னு எழுதிட்டு டீ குடிக்கப் போயிருப்பாங்க. இவங்க வுடல. முதல்ல புதுத் துணைக்கோள்னு நெனச்சாங்க, அது தப்பு. ஆனா சொந்தமா யோசிச்ச தப்பு! அதே நட்சத்திரத்தை அமெரிக்காக்காரங்களும் ஏரோப்ளேன்ல தொலைநோக்கி வெச்சுப் பார்த்தாங்க. எல்லாத்தையும் சேர்த்து வெச்சுப் பார்த்தா, யுரேனஸுக்கும் வளையம்!

அதனால மனு எழுதறது, வட்டிக் கணக்கு, வண்டி லைசென்சுப் பரீட்சை, இதுக்கெல்லாம் ஒயரு வந்தா தாராளமா சொருகிக்கோ. வந்தா எனக்கும் ஒண்ணு வாங்கியா. ஆனா நீ விஞ்ஞானக் கதை எழுதப் போறேன்னு பீத்திக்கினு திரியறியே, அதுக்கு மட்டும் வேணாம். நீயே எழுதிக் கொண்டா. நல்லா இல்லேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்றேன்.