ஐம்பதா, நூற்றெட்டா, இருநூறா?

கோத்தகிரி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதி, போன் கேமராவைப் பற்றியவை. ஒரே மூச்சில் பேசித் தீர்த்துவிடுவோம்.

என் போன் 12 மெகாபிக்சல், தோழியுடையது 108. இரண்டிலும் எடுத்த படத்தில் வித்தியாசமே தெரியவில்லையே, ஏன்?
*கல்லூரி மாணவி, டானிங்டன்*

தோழியின் போனும் கடைசியில் கையில் கொடுப்பது 12தான். 108 மெகாபிக்சல் போன், வழக்கமான முறையில் படம் எடுக்கும்போது ஒன்பது பிக்சலைக் கூட்டி ஒன்றாக்கிச் சேமிக்கிறது. 48, 50 என்றால் நான்குக்கு ஒன்று. 200 என்றால் பெரும்பாலும் பதினாறுக்கு ஒன்று. எப்படி வகுத்தாலும் விடை பன்னிரண்டு, பன்னிரண்டரையில் வந்து நிற்கும். அதை நீங்கள் பார்க்கும் போன் திரையிலோ பெரும்பாலும் 26 லட்சம் பிக்சல்தான், அதாவது இரண்டரை மெகாபிக்சல் சொச்சம். தோழியிடம் பொறாமைப்பட வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய எண் என்றால் நல்ல படம் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?
*புதுப் போனுக்குக் காசு சேர்ப்பவர், ஜக்கனாரை*

எண்ணைப் பெட்டியில் அச்சடிப்பது சுலபம். படத்தைத் தீர்மானிப்பது வெளிச்சம். லென்ஸ் வழியாகச் சென்சாரில் விழும் வெளிச்சம் ஓர் அளவுதான். அதை எத்தனை பிக்சலுக்குப் பங்கு வைத்தாலும் மொத்தம் கூடாது. நாலு பேருக்குப் போட்ட டீயில் வெந்நீர் ஊற்றி நாற்பது பேருக்குக் கொடுத்தால் டம்ளர் கூடும், திடம் கூடாது.

லென்ஸுக்கும் ஓர் எல்லை உண்டு. 200 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.6 மைக்ரான். எஃப் 1.8 என்ற துளை அளவுள்ள லென்ஸை எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும், ஒளி அலையின் இயல்பினால் ஒரு புள்ளி சுமார் 2.4 மைக்ரான் அகல வட்டமாகத்தான் விழும். அந்த வட்டத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள் நெருக்கியடித்து நின்று, ஏறக்குறைய ஒரே சேதியைச் சொல்கின்றன.

ஐபோனின் முதன்மைக் கேமரா 2015 முதல் 2021 வரை 12 மெகாபிக்சலிலேயே நின்றது. சென்சாரும் மென்பொருளும் வளர்ந்தன, படமும் வளர்ந்தது.

அப்படியானால் கடையில் என்ன கேட்க வேண்டும்?
*அதே வாசகர்*

"சென்சார் அளவு என்ன?" என்று கேளுங்கள். 1/1.3, 1/2.76 என்று பின்னமாகச் சொல்வார்கள். கீழே உள்ள எண் சிறுத்தால் சென்சார் பெருக்கிறது. இந்த இரண்டு அளவு கொண்ட போன்களிலும் 50 மெகாபிக்சல் என்றே போட்டிருக்கலாம். 1/2.76 சென்சாரின் பரப்பு சுமார் 20 சதுர மில்லிமீட்டர், 1/1.3 சென்சாரினுடையது 70க்கும் மேல். சாயங்காலம் ஆறரைக்கு வீட்டு வாசலில் பிள்ளைகளைப் படம் எடுக்கும்போது இந்த மூன்றரை மடங்குதான் பேசும். அடுத்து, கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஓஐஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள். மெகாபிக்சலைக் கடைசியில் விசாரித்தால் போதும்.

என் போனில் நான்கு கேமரா. ஆனாலும் தேயிலை இலையைக் கிட்டத்தில் எடுத்தால் தெளிவில்லை. நோயைக் காட்டி ஆலோசனை கேட்க வேண்டியிருக்கிறது.
*சிறு தேயிலை விவசாயி, நெடுகுளா*

விலை குறைந்த போன்களில் கிட்டத்துப் படத்துக்கென 'மேக்ரோ' என்று வைத்திருப்பது பெரும்பாலும் 2 மெகாபிக்சல் கேமரா, எண்ணிக்கைக்கு வந்த ஆள். அதை விட்டுவிடுங்கள். முதன்மைக் கேமராவை இலையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, இலையைத் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். நேர் வெயில் வேண்டாம். மேகம் மூடிய வெளிச்சத்தில் இலை பளபளக்காமல் விழும்.

கொப்புள நோய் என்று சந்தேகித்தால் இலையின் இரண்டு பக்கத்தையும் எடுங்கள். மேல்பக்கம் குழிந்திருக்கும், அடிப்பக்கம் புடைத்து வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அடையாளமே அந்த அடிப்பக்கம்தான்.

குன்னூரில் உள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வேறு நிபுணருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், பொடியும் புள்ளியும் கரைந்துபோகும். மருந்து உங்கள் காசு, செடி உங்கள் உழைப்பு. தெளிவில்லாத படத்தை நம்பித் தெளிக்காதீர்கள்.

பனிமூட்டத்தில் எடுத்தால் படம் சாம்பல் பூசினாற்போல் வருகிறது. 200 மெகாபிக்சல் வாங்கினால் சரியாகுமா?
*குடும்பத் தலைவி, கீழ்கோத்தகிரி*

ஆகாது. பனித்துளிகள் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடித்த பிறகே அது உங்கள் லென்ஸுக்கு வருகிறது. 200 மெகாபிக்சல், பனியை 20 கோடிப் புள்ளியில் காட்டும், அவ்வளவுதான். எடுக்கும் பொருளிடம் நெருங்கிப் போங்கள். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். வெள்ளையைச் சாம்பலாக்குவது கேமராவின் இயல்பு, ஏற்றினால் பனி வெள்ளையாகும். குளிரிலிருந்து அடுப்படிக்குள் வந்ததும் எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். சற்றுப் பொறுத்து, பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

எங்கள் காலத்தில் ஃபிலிமில் மெகாபிக்சல் கணக்கே கிடையாதே?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், கட்டபெட்டு*

துகள் என்ற வேறு பெயரில் இருந்தது ஐயா. 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நம் ஊட்டியில்தான் இருந்தது. 'இந்து' ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து நாடெங்கும் போயின. ஃபிலிமில் வெள்ளி உப்பின் துகள் பெரிதானால் மங்கிய வெளிச்சத்திலும் படம் விழும், ஆனால் சொரசொரப்பாக இருக்கும். துகள் சிறிதானால் படம் வழவழப்பு, ஆனால் நல்ல வெயில் வேண்டும். இன்றைய பிக்சலும் அதே பேரத்தைத்தான் பேசுகிறது. ஃபிலிம் பூசிய மாவட்டத்துக்காரர்கள் நாம். பெட்டியில் போட்ட எண்ணுக்கு மயங்கலாமா?

கூடுதல் மெகாபிக்சலால் ஒரு பயனும் இல்லையா?
*வேன் ஓட்டுநர், கோடநாடு*

உண்டு. 2012இல் வந்த நோக்கியா 808 போனில் 41 மெகாபிக்சல் இருந்தது. தேவையான பகுதியை வெட்டி எடுத்தாலும் படம் குலையக்கூடாது என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. கோடநாடு காட்சிமுனையிலிருந்து ரங்கசாமி பாறைத் தூணை நல்ல வெயிலில் 200 மெகாபிக்சல் முறையில் எடுத்து, நடுவில் கால் அகலம், கால் உயரம் வெட்டினாலும் 12.5 மெகாபிக்சல் மிஞ்சும். ஆனால் வெயில் இருக்க வேண்டும், கை ஆடக்கூடாது. கல்யாண ஆல்பத்துக்கு இதெல்லாம் வேண்டாம். 4x6 அளவு பிரிண்டுக்கு 2.2 மெகாபிக்சல் போதும்.

தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை நின்றால், எத்தனை மெகாபிக்சலில் செல்ஃபி எடுக்கலாம்?
*பத்தாம் வகுப்பு மாணவன், கன்னேரிமுக்கு*

செல்ஃபியே வேண்டாம் தம்பி. காட்டெருமைக்கு முதுகைக் காட்டி நிற்பதுதான் ஆபத்து. முட்டு வாங்கியவர்கள் நம் பக்கத்தில் உண்டு. வீட்டு மாடியிலிருந்தோ வண்டிக்குள்ளிருந்தோ ஜூமில் எடு. படம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை. போனில் 200 மெகாபிக்சல் இருந்தாலும் ஓடுவதற்கு உனக்குக் கால் இரண்டுதான்.