தென்னைக்கு மருந்து அடிக்காதீர்கள்

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவே வயலாக இருந்த காலத்தில் பூச்சிக்கு ஒரே மருந்து பி.எச்.சி. பவுடர். நெல்லில் புகையான் தெரிந்தாலும் அதுதான், அவரையில் அசுவினி ஏறினாலும் அதுதான், அடுக்களையில் எறும்பு வரிசை கட்டினாலும் அதுதான். இலையில் பனி காயுமுன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அப்பா தூவுவார். ஈரத்தில்தான் தூள் ஒட்டும். அந்த நெடி வந்தால் பயிர் பிழைத்தது என்று ஊரே நிம்மதியாக இருந்தது.

மண்ணில் ஆண்டுக்கணக்கில் மக்காமல் கிடந்து, தீவனம் வழியாகப் பாலுக்கும் வந்து சேர்கிற நஞ்சு அது. 1997இல் அரசு அதைத் தடை செய்தபோது எங்கள் பக்கம் தூவுவதற்கு வயலே மிஞ்சவில்லை. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்ததிலிருந்தே ஏரிப் பாசன நிலங்கள் ஒவ்வொன்றாக மனைகளாகிக்கொண்டிருந்தன.

தென்னை மட்டும் தப்பியது. வரப்போரத்து மரத்தை உள்ளே விட்டுக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பினார்கள். அன்றைக்கு அதன் எதிரி காண்டாமிருக வண்டு. குருத்தைக் குடைந்து உள்ளே போய்விடும். பிறகு விரிகிற ஓலை கத்தரியால் வெட்டியதுபோல இருக்கும். மரமேறுகிறவர் கம்பியை விட்டு வண்டைக் குத்தி இழுப்பார். மட்டை இடுக்கில் அந்துருண்டை வைத்து மணலைப் போட்டு மூடுவார். வண்டு பெருகும் இடம் எருக்குழி என்பது பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும். எருவைக் கிளறும்போது கிடைக்கிற வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுவது பிள்ளைகளான எங்கள் வேலை.

இன்றைய எதிரி கையில் அகப்படுவதில்லை. சுருள் வெள்ளை ஈ, மத்திய அமெரிக்கப் பூச்சி. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டி, தோப்பே இல்லாத எங்கள் தெரு வரைக்கும் வந்துவிட்டது. ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு, வெள்ளை மெழுகு மூடிய கூட்டமாகச் சாறு உறிஞ்சுகிறது. அது கழிக்கும் இனிப்பு நீர் கீழே சொட்ட, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. கொய்யா, வாழை, துணி காயும் கொடி, வாசலில் நிற்கும் கார் எல்லாம் கறுத்துப்போகின்றன.

"சார், வண்டியெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுது. மருந்து அடிங்க, இல்லன்னா மரத்தை எடுத்துடுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நெல்லுக்கு நஞ்சைத் தூவிய தெருவில், நெல்லெல்லாம் போன பிறகு, ஒரு காருக்காகத் திரும்பவும் நஞ்சு கேட்கிறார்கள். இந்தப் பூச்சிக்கு அது உதவாது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. என்கார்சியா என்ற குளவி, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதது, வெள்ளை ஈயின் இளம்பருவத்துக்குள் முட்டையிட்டு அதைக் கொன்றுவிடுகிறது. ரசாயனம் தெளித்தால் முதலில் சாவது குளவி. ஈ பின்னாலேயே பெருகும். அதனால்தான் வேளாண் பல்கலைக்கழகத்தார் ரசாயனத்தைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டினால் ஈ ஒட்டிக்கொள்ளும். எட்டுகிற ஓலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாக அடிக்கலாம். கறுப்புக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கரைத்துக் காய்ச்சித் தெளித்தால், காய்ந்ததும் பூசணத்தோடு செதில் செதிலாக உதிரும்.

இந்த ஈயால் மட்டும் தென்னை பட்டுப்போவதில்லை. மழை பிடித்தால் கூட்டமும் குறையும். அதுவரை பொறுக்க மனம் வராமல், முப்பது நாற்பது வருஷம் காய்த்த மரத்தை அரை நாளில் துண்டு போட்டுவிடுகிறார்கள்.

எங்கள் மரத்தில் விழுந்த ஓலையைப் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துத் திருப்பிக் காட்டினேன். வெள்ளைக்கு நடுவே கறுத்துப்போன புள்ளிகள், சிலவற்றில் வட்டமாக ஒரு துளை. குளவி வெளியே வந்த வழி அது. துளை விழாத கறுப்புப் புள்ளிகள் உள்ள பகுதியை நறுக்கி, ஈ மொய்க்கிற வேறு மரத்தில் கட்டினால் குளவி அங்கேயும் பரவும். இரண்டு துண்டு நறுக்கிக் கொடுத்தேன். காருக்கு உறை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்கிப் போயிருக்கிறார். ஓலை வேண்டுமென்று கேட்டால் யாருக்கும் நறுக்கித் தருவேன்; ஒரே நிபந்தனை, அந்த வீட்டு மரத்துக்கு மருந்து அடிக்கக் கூடாது.