எஃப்.சி. வரைக்கும் ஓடட்டும்

பழைய குட்டியானைக்காரரை ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் அடையாளம் காண்பது எளிது. வண்டியைச் சரிவு பார்த்துத்தான் நிறுத்தியிருப்பார். செல்ஃப் எடுக்காவிட்டாலும் உருட்டிவிட்டுக் கிளப்பிக்கொள்ளலாம் என்ற தொலைநோக்கு.

குட்டியானை என்கிற டாடா ஏஸ் 2005-ல் வந்தது. இவருடையது இரண்டு கை மாறி வந்த வண்டி. மீட்டர் மூன்று லட்சத்துச் சொச்சத்தில் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்டால், “அதான் மீட்டர்ல இருக்கே” என்பார். இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். முக்கால் டன் ஏற்றலாம் என்றது கம்பெனி. இவர் தக்காளிப் பெட்டி அடுக்கும்போது கம்பெனி பக்கத்தில் இருப்பதில்லை.

இப்போது புகை நீலமாக வருகிறது. மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை. மூடியைச் சும்மா மேலே வைத்தால் தடதடவென்று துள்ளுகிறது.

“பேக் கம்ப்ரஷன் அடிக்குதுண்ணே. ரிங்கு போச்சு. எஞ்சினை இறக்கி போர் பண்ணிரலாம்.”

தொகையைக் கேட்டதும் நம்மவர் தானே மூடியை எடுத்து இறுக்கித் திருகினார். “இப்பப் பாரு, வரலையே!”

விற்றுவிடலாம்தான். ஆனால் போன மாதம்தான் கிளட்ச் பிளேட் மாற்றினார். புதுக் கிளட்சோடு யாராவது வண்டியைக் கொடுப்பார்களா? கிளட்ச் தேய்வதற்குள் பேட்டரி மாற்ற வேண்டிவரும். ஏதாவது ஒன்று புதிதாகவே இருந்துகொண்டிருப்பதால், விற்பதற்கு நேரம் கூடி வந்ததே இல்லை.

எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும். அந்த வாரம் மட்டும் அதற்கு மாப்பிள்ளைக் கோலம்: டிங்கரிங், பெயின்ட், பளபளவென்று ஸ்டிக்கர். காகிதம் கைக்கு வந்ததும், “கவர்மென்டே ஓட்டலாம்னு எழுதிக் குடுத்திருச்சு. இவன் என்ன பெரிய மெக்கானிக்கு?”

ஆலோசனை மட்டும் எல்லோரிடமும் கேட்பார். புது வண்டி எடு என்பவரை மாதத் தவணையைச் சொல்லி மடக்குவார். போர் பண்ணு என்பவரிடம் புது வண்டியின் அருமையை எடுத்துச் சொல்வார். இரண்டு பேரும் தோற்றுப்போன திருப்தியில் லோடு ஏற்றக் கிளம்பிவிடுவார்.

ஒருநாள் புரோக்கர் வந்து சுற்றிப் பார்த்தார், டயரை ஓர் உதை உதைத்தார், காயலான் கடை விலை சொன்னார். நம்மவர் முகம் சிவந்துவிட்டது. “விக்கிறதுக்கு இல்லீங்க!” கோபம் ஆறியபின் அவருக்கே டீ வாங்கிக் கொடுத்து, மெல்லக் கேட்டார்:

“டயர் நாலும் மாத்தலாம்னு இருக்கேன். எந்தக் கம்பெனி நல்லா உழைக்குமுங்க?”