இன்ஜினுக்கு ஒரு டானிக்

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் கரியாலூர் ஏறும் கார்கள் முனகும். இந்த முனகல் தாங்காத நல்ல உள்ளங்களுக்காகவே உதிரிபாகக் கடைகளில் இன்ஜின் டானிக் பாட்டில் காத்திருக்கிறது. ஆயிலோடு ஊற்றினால் போதும். தேய்மானம் குறையும், மைலேஜ் கூடும், சத்தம் அடங்கும். சட்டசபைக்கும் ஒரு பீப்பாய் அனுப்பலாம்.

தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மம், கசடு படியாமல் காக்கும் டிடர்ஜென்ட் எல்லாவற்றையும் ஆயில் கம்பெனிகள் ஆலையிலேயே அளந்து கலந்துதான் டப்பாவை மூடுகின்றன. ஆய்வகத்தில் அளந்தால் ஆயிற்றா? கடைக்காரர் கண்ணளவு வருமா? வேறெதையும் கலக்காதீர்கள் என்று பல கார்களோடு வரும் கையேடு சொல்கிறது. பொறாமைதான், வேறென்ன!

அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்ற பாட்டிலின் விளம்பரங்களுக்கு ஆதாரமில்லை என்று 1996இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் பிடித்துக்கொண்டது. ரசனை கெட்டவர்கள். அதே 1996இல் நாம் ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோலுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம். மோசடி என்று சென்னை நீதிமன்றம் மூன்றாண்டு சிறை விதித்தது 2016இல்தான். இருபது வருட நம்பிக்கை லேசுப்பட்டதா?

டானிக் குடித்த கார் ஒன்று கரியாலூருக்குச் சற்று முன்னால் நின்றது. மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவினார். நுனியில் மட்டும் ஈரம், அதுவும் தார் போல.

"ஆயில் மாத்தி எத்தனை நாளாச்சுங்க?"

"மூணு வருஷம். அதான் டானிக் ஊத்தறமே!"

மெக்கானிக் பழையதை வடித்துப் புது ஆயில் ஊற்றினார். முனகல் நின்றது. கார்க்காரர் காலிப் பாட்டிலைப் பெருமையோடு பார்த்தார்.

"மெதுவாத்தான் வேலை செய்யும்னு கடையிலயே சொன்னாங்க."