தலைப்பிரசவமும் பிரெஞ்சு நேஷனாலிட்டியும்

பிறந்த மண்ணை வைத்துக் குடியுரிமை கொடுப்பதைக் கத்தரிக்க, 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றைக்கே டிரம்ப் கையெழுத்துப் போட்டார். உலகமே அதிர்ந்தது. இந்தியா அதே வேலையை 1987-இல் ஒரு தவணை, 2004-இல் இன்னொரு தவணை என்று ஓசைப்படாமல் முடித்துவிட்டது. ஆனால் புதுச்சேரிக் கதைக்கு முன்னால் இதெல்லாம் கத்துக்குட்டித்தனம். சொந்த மண்ணில் பிறந்த ஒரே குற்றத்துக்காகக் குடியுரிமை பறிபோன ஊர் இது.

1954 அக்டோபரில் பிரெஞ்சுப் புதுச்சேரியின் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் ‘இந்தியாவோடு சேரலாம்’ என்றார்கள். நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரர்கள் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். ஒப்பந்தப் பத்திரம்தான் இழுத்தடித்தது. 1956-இல் கையெழுத்து, அல்ஜீரியச் சண்டையில் மாட்டிக்கொண்டிருந்த பாரிஸுக்கு மீதி வேலையை முடிக்க 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது.

பத்திரத்தில் என்ன இருந்தது? இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுப் பிரஜை அன்றுமுதல் இந்தியன். பிரான்சே வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மணமாகாத சின்னப் பிள்ளைகளுக்கு அப்பாவின் கையெழுத்தே தலையெழுத்து.

சரி, வெளியூரில் பிறந்த பிரெஞ்சுப் பிரஜை? அவரைப் பற்றிப் பத்திரம் மூச்சே விடவில்லை. ஆகவே அவர் ஒரு தாளிலும் கையெழுத்திடாமல் பிரெஞ்சுக்காரராகவே நீடித்தார்!

இங்கேதான் நம் பாட்டிமார்கள் சர்வதேசச் சட்டத்துக்குள் நுழைகிறார்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பிரெஞ்சுப் பிரஜைக்கு வாழ்க்கைப்பட்ட கடலூர்ப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சீமந்தம் முடிந்ததும் வளையல் குலுங்க வண்டியேறித் தாய்வீடு போகிறாள். கடலூர் இங்கிலீஷ்காரன் சீமை. அங்கே பிறந்த மூத்தவன், 1962-இல் புதுச்சேரித் திண்ணையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாலும் பிரான்சுக்குப் பாத்தியப்பட்டவன். இரண்டாவது பிரசவம் புருஷன் வீட்டிலேயே ஆகிவிட்டது. பாவம், இளையவன் பிரெஞ்சு மண்ணில் பிறந்து தொலைத்தான், அதனால் இந்தியன். சைகோனில் உத்தியோகம் பார்த்த அப்பாக்களுக்கு அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் மூத்தவனின் யோகம்தான்.

ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர். ‘எதற்குங்க வம்பு’ என்று வீட்டிலிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பிரெஞ்சுப் படையில் இருந்த ‘சொல்தா’க்கள் யூரோவில் பென்ஷன் வாங்குவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். கல்யாணச் சந்தையில் பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளைக்கு இருக்கும் கிராக்கியே தனி. அவர் ஜாதகத்தில் செவ்வாய் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதெல்லாம் அப்புறம். தாத்தா எந்த வீட்டில் பிறந்தார்?