மலிவு விலை மின்னல்

வீட்டு ஷெட்டிலேயே 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று 1996-இல் பிரிட்டனின் ரான் சாம்பியன் புத்தகம் எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட், சதுரக் குழாய்கள், வெல்டிங் மெஷின். நம்பி இறங்கியவர்கள் ஏராளம்.

சேசிஸ் நின்றதும் ஆசை எழும்: எஸ்கார்ட் இஞ்சின் எதற்கு, பழைய சுசுகி ஹயபுசா பைக்கின் 1,299 சி.சி. இஞ்சினை இறக்கினால் என்ன? இறக்கலாம். ஆனால் வளைவில் பைக் சாயும், கார் சாயாது. ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, இஞ்சின் வறண்டு செத்துப்போகும். தடுப்புத் தகடு வைத்த ஆயில் தொட்டி தனிச் செலவு.

இந்தப் பைக் இஞ்சினில் ரிவர்ஸ் கியரும் கிடையாது. டிராக்கில் புலியாகப் பாயும் வண்டியை ஷெட்டிலிருந்து பின்னால் எடுக்கப் பக்கத்து வீட்டுக்காரர்தான் தள்ள வேண்டும். பின்னால் தள்ள ஆளில்லாதது செலவுக் கணக்கு ஒன்றுதான். அது முன்னால் மட்டுமே போகும்.